பல்லுக்குக் கிளிப் போடத் தொடங்கும் வைத்தியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கள் பக்கத்தில் பல்லுக்குக் கிளிப் போடும் இளம் வைத்தியர்கள் கூடிவிட்டார்கள். நல்ல விசயம். இதற்காகவே மாதாமாதம் கண்டிக்கும் கொழும்புக்கும் பஸ்ஸில் அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனால் பாதி வேலையோடு கைமாறி வரும் பிள்ளைகளின் வாயைப் பார்க்கும்போது, நாங்கள் தொடக்க காலத்தில் விட்ட அதே பிழைகள் அப்படியே திரும்ப வந்துகொண்டிருக்கின்றன. பல்லைக் காயவைத்து பிராக்கெட் (வயரைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு) ஒட்டுவது, கருவிகளைக் கிருமிநீக்குவது போன்றவற்றை யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

மெல்லிய வயரில் பவர் செயின்

என்னால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான். பவர் செயின் என்பது பற்களை இழுத்து இடைவெளியை மூடும் ரப்பர் சங்கிலி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன்பற்கள் துருத்தி நிற்கும் ஒரு பிள்ளைக்கு முதலாவது முன்கடைவாய்ப் பற்களை எடுக்கிறோம். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் இடம் கிடைக்கும். வேட்டைப் பல்லையும் முன்பற்களையும் பின்னால் கொண்டுபோக நம் கையில் இருப்பது அவ்வளவுதான். அடுத்த மாதமே தாய் கேட்பார்: "டொக்டர், இந்த இடைவெளி எப்ப மூடும்? பள்ளிக்கூடத்தில புள்ளையப் பகிடி பண்றாங்க." வைத்தியருக்கும் எதையாவது செய்து காட்ட வேண்டும் போலிருக்கும். வாயில் இருப்பதோ 0.014 அங்குல நிக்கல் டைட்டேனியம் வயர். அதன் மேலேயே செயினை மாட்டி அனுப்பிவிடுகிறார்.

அந்த வயர் வளைந்து கொடுப்பதற்கென்றே செய்யப்பட்டது. கோணிய பல்லை வரிசைக்குக் கொண்டுவர அந்த இளக்கம் வேண்டும். இடைவெளி மூடும்போது தேவைப்படுவது அதற்கு நேர்மாறான குணம். பல் சாயாமல் வேரோடு சேர்ந்து நகர, விறைப்பான வயர் ஒன்று அதைத் தாங்க வேண்டும். இளகிய வயரில் செயினை மாட்டினால் வேட்டைப் பல்லின் தலை பின்னால் சாயும், வேர் இருந்த இடத்திலேயே நிற்கும். கடைவாய்ப் பல் முன்னால் கவிழும். சாய்ந்த வேட்டைப் பல் வயரைக் கோணலாக்கி மேல் முன்பற்களைக் கீழே இறக்கிவிடும். கடி ஆழமாகும். பக்கவாட்டில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும்.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். செயின் ஒரு திசையில் மட்டும் இழுப்பதில்லை. கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்ற இரண்டு அணிகளும் ஆளுக்கொரு பக்கம் நின்று இழுப்பது போல, முன்பல் பின்னால் இழுபடும் அதே விசையில் கடைவாய்ப் பல்லும் முன்னால் இழுபடுகிறது. இடைவெளி மூடத்தான் செய்யும். எந்தப் பக்கத்துப் பல் வந்து மூடியது என்பதுதான் கேள்வி. கடைவாய்ப் பல் 4 மில்லிமீற்றர் முன்னால் வந்துவிட்டால், முன்பற்களுக்கு மிச்சம் 3 மில்லிமீற்றர்தான்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளையின் வாய் இன்னும் என் மனதில் நிற்கிறது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வந்திருந்தாள். வேறோர் இடத்தில் தொடங்கிய வேலை. நாலு முன்கடைவாய்ப் பற்களும் எடுத்தாகிவிட்டது, இடைவெளி நாலும் மூடியாகிவிட்டது. முன்பற்களோ கிட்டத்தட்ட அதே துருத்தலோடு நின்றன. மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களை முழுதாக மூடியிருந்தன. தாய் அதுவரை மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்கிறார், ஓட்டை மூடிவிட்டதல்லவா. வயல் விளைச்சலை விற்றுக் கட்டிய காசு. எடுத்த பல்லைத் திரும்ப வைக்க முடியாது. எலும்பில் சிறிய திருகாணி பதித்து, கடைவாய்ப் பற்களைப் பின்னால் தள்ளி, மறுபடி இடம் உண்டாக்கி, பிறகு முன்பற்களைக் கொண்டுபோக வேண்டும். ஒரு வருடத்துக்கு மேலான வேலை, புதுச் செலவு. இதை அந்தத் தாய்க்கு விளங்கப்படுத்திய நாள் எனக்கு லேசான நாளாக இருக்கவில்லை. பிள்ளை பக்கத்திலேயே குனிந்துகொண்டு இருந்தாள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? 0.022 அங்குலத் துவாரமுள்ள பிராக்கெட் என்றால் மெல்லிய வட்ட வயரில் தொடங்கி, தடித்த வட்ட வயர், பிறகு செவ்வக வெட்டுள்ள நிக்கல் டைட்டேனியம் என்று ஏறி, 0.019க்கு 0.025 ஸ்டீல் வயர் வரை போங்கள். அந்த ஸ்டீல் வயர் உள்ளே போன அன்றைக்கே இழுக்கத் தொடங்காதீர்கள். ஒரு மாதமாவது சும்மா இருக்கட்டும். பிராக்கெட்டுக்குள் தடையில்லாமல் சறுக்கும் நிலைக்கு வந்த பிறகு மூடத் தொடங்கலாம். அதுவரை வேட்டைப் பல்லைக் கடைவாய்ப் பல்லோடு லிகேச்சர் எனப்படும் மெல்லிய கம்பியால் தளர்வாகக் கட்டி வைத்தால் போதும்.

விசையிலும் அவசரம் வேண்டாம். செயின் முதல் 24 மணித்தியாலத்திலேயே ஏறக்குறைய பாதி விசையை இழந்துவிடும். அதை ஈடுகட்ட இன்னும் இறுக்கிப் போடுவோர் இருக்கிறார்கள். அழுத்தம் கூடினால் வேரைச் சுற்றியுள்ள இழையத்தில் இரத்த ஓட்டம் நின்று, நகர வேண்டிய பல் அசையாமல் நிற்கும், கடைவாய்ப் பல்தான் நகரும். வேர் கரையும் அபாயமும் உண்டு. 2002 இல் டிக்சனும் சகாக்களும் இங்கிலாந்தில் செய்த ஒப்பீட்டில், மாதத்துக்கு நிக்கல் டைட்டேனியம் ஸ்பிரிங் 0.81, பவர் செயின் 0.58, மீள்கட்டு (ரப்பர் வளையத்தோடு இழுத்துக் கட்டும் கம்பி) 0.35 மில்லிமீற்றர் என்ற வேகத்தில் இடைவெளியை மூடின. வேகமான முறையில்கூட மாதம் ஒரு மில்லிமீற்றரைத் தாண்டவில்லை.

இந்தக் கணக்கைத் தாயிடம் முதல் நாளே சொல்லுங்கள். 7 மில்லிமீற்றர் மூட எத்தனை மாதம் போகும், அதற்கு முன்னால் பல்லை வரிசைக்குக் கொண்டுவர எத்தனை மாதம் போகும் என்று பிள்ளையின் கொப்பியிலேயே எழுதிக் கொடுங்கள். அப்புறம் யாரும் உங்களை அவசரப்படுத்த மாட்டார்கள். "இந்த முறை வயர் மட்டும்தான் மாற்றுகிறேன், இழுக்கப் போவதில்லை" என்று சொல்லவும் தயங்காதீர்கள்.

மழையையும் அறுவடையையும் பார்க்காமல் தவணை கொடுப்பது

நவம்பர், டிசம்பரில் வெள்ளம் வந்தால் வாவிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் துறை கடந்து வர முடியாது. பெரும்போக அறுவடை நேரம் தகப்பனுக்கு நேரமிருக்காது. நோன்பு காலத்தில் காத்தான்குடி, சம்மாந்துறைப் பிள்ளைகள் பகலில் வாயைத் திறந்துகொண்டு இருக்க விரும்புவதில்லை. நோன்பு திறந்த பிறகு ஒரு நேரம் வையுங்கள். வர முடியாத மாதம் வரப்போகிறது என்று தெரிந்தால் இழுக்கும் எதையும் வாயில் விட்டு அனுப்பாதீர்கள். சும்மா கட்டி அனுப்புங்கள். மூன்று மாதம் யாரும் பார்க்காமல் வேலை செய்த ஸ்பிரிங் என்ன செய்திருக்கும் என்பது திரும்பி வரும்போதுதான் தெரியும்.

எக்ஸ்ரே படம் எடுக்காமல் தொடங்குவது

தொடங்காதீர்கள்.

பல் எடுக்க வாய்ச்சொல்லில் அனுப்புவது

கடிதம் கொடுங்கள். வெறும் பல் இலக்கம் போதாது. ஒருவர் இரட்டை இலக்க முறையில் எழுதுவார், மற்றவர் வேறு முறையில் படிப்பார். "மேல் வலது முதலாவது முன்கடைவாய்ப் பல்" என்று சொல்லிலும் எழுதுங்கள்.

முரசு (ஈறு) வீங்கிய வாயில் கிளிப்

துலக்கப் பழகிய பிறகு வரச்சொல்லுங்கள். ஒட்டிய ஒரு மாதத்திலேயே பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைப் புள்ளி விழத் தொடங்கலாம். அது கிளிப் கழற்றிய பிறகும் முன்பல்லில் தெரியும்.

ரிட்டெய்னருக்குக் கடைசியில் காசு கேட்பது

கிளிப் கழற்றும் நாளில் எல்லாரும் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் வருவார்கள். அன்றைக்கு, பல்லைப் புது இடத்தில் பிடித்து வைக்கும் ரிட்டெய்னருக்கென்று புதிதாக ஒரு தொகை கேட்டால் பாதிப்பேர் பிறகு வாங்குகிறோம் என்று போவார்கள். சிலர் திரும்பி வருவதே இல்லை. வேரைச் சுற்றியுள்ள நார்கள், விசேசமாகத் திருகியிருந்த பல்லின் முரசோர நார்கள், புது இடத்துக்குப் பழக மாதக்கணக்காகும். அதுவரை அவை பல்லைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். ஆகவே ரிட்டெய்னரின் விலையை முதல் நாள் பேசும் தொகைக்குள் சேர்த்துவிடுங்கள். ஒளிபுகும் ரிட்டெய்னர் கொடுத்தால், கொதிநீரில் கழுவக் கூடாது, வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். சூட்டில் வளைந்த ரிட்டெய்னர் பல்லில் ஏறாது.

கடிதம் இல்லாமல் வெளிநாட்டுக்கு விடுவது

வேலை முடிவதற்குள் கட்டாருக்கோ கனடாவுக்கோ போகும் பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் அதிகம். பிராக்கெட் துவாரம் 0.018 அங்குலமா 0.022 அங்குலமா, இப்போது வாயில் இருப்பது எந்த வயர், எந்தெந்தப் பற்கள் எடுக்கப்பட்டன, இதுவரை கட்டிய காசு எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதி, தொடக்கப் படங்களோடு கொடுங்கள். அவர்கள் போய்ச் சேரும் ஊரில் யார் பார்ப்பார்களோ அவர்களுக்கு அந்த ஒரு பக்கம் இல்லாவிட்டால் பிராக்கெட் முழுவதையும் கழற்றிவிட்டுத் தொடக்கத்திலிருந்து ஒட்ட வேண்டி வரும்.