டபரா செட்டும் பிளேஸ்மென்ட்டும்: பிரிட்டனில் மார்க்கெட்டிங் படிக்கப் போகிறவர்களுக்கு

கும்பகோணத்தில் நான் பி.காம். படித்த கல்லூரியிலிருந்து வருடத்துக்கு நாலைந்து பேராவது எழுதிக் கேட்பார்கள்: "அக்கா, மார்க்கெட்டிங் மாஸ்டர்ஸுக்கு யு.கே.யில் எந்த யுனிவர்சிட்டி நல்லது?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "பிளேஸ்மென்ட் உள்ள கோர்ஸா, இல்லாததா?" பாதிப் பேருக்கு அப்படி இரண்டு வகை இருப்பதே தெரியாது. எனக்கும் ஏஜென்ட் சொல்லவில்லை. கோர்ஸ் பட்டியலைப் புரட்டும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது.

நம் ஊரில் பிளேஸ்மென்ட் என்றால் கேம்பஸுக்குக் கம்பெனி வந்து ஆள் எடுப்பது. அங்கே அர்த்தம் வேறு. படிப்பின் ஒரு பகுதியாகவே சில மாதங்களோ ஒரு வருடமோ ஒரு நிறுவனத்தில் வேலை செய்வதுதான் பிளேஸ்மென்ட். அந்த இடத்தை நீங்களேதான் தேடிப் பிடிக்க வேண்டும். பல்கலைக்கழகம் ரெஸ்யூமே திருத்திக் கொடுக்கும், மாதிரி இன்டர்வியூ வைக்கும், அவ்வளவுதான்.

சாதாரண எம்.எஸ்சி. ஒரு வருடம், பிளேஸ்மென்ட் ஆண்டு சேர்ந்தால் ஏறத்தாழ இரண்டு. மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். பிளேஸ்மென்ட் பாடத்திலேயே அடக்கம் என்பதால் அந்த வேலைக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை, முழுநேரமும் செய்யலாம். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. படிப்பு முடிந்தபின் அங்கேயே தங்கி வேலை பார்க்கக் கிடைக்கிற கிராஜுவேட் விசாவின் நாட்கள் இதில் கழிவதில்லை. அந்த விசா எனக்கு 2 வருடம் கிடைத்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் மாஸ்டர்ஸ்காரர்களுக்கு 18 மாதம்தான், இனி சேருகிறவர்கள் அப்படியே கணக்குப் போடுங்கள். அந்த 18 மாதத்துக்குள் வேலை கற்று, பெயர் எடுத்து, அடுத்த வேலை விசாவுக்குப் பொறுப்பேற்கும் ஸ்பான்சர் நிறுவனத்தையும் பிடிப்பது கஷ்டம். ஒரு வருட அனுபவத்தோடு உள்ளே போகிறவர்களுக்கு அவ்வளவு இல்லை.

அதனால் ரேங்கிங் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்கு ஈமெயில் போட்டு இவற்றைக் கேளுங்கள். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சி.ஏ.எஸ். என்ற சேர்க்கை உறுதிக் கடிதத்தில் பிளேஸ்மென்ட் ஆண்டும் சேர்ந்திருக்குமா? அந்த வருடத்துக்குத் தனிக் கட்டணம் எவ்வளவு? இடம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? (பெரும்பாலும் ஒரு வருட கோர்ஸுக்கு மாற்றிவிடுவார்கள், விசாவும் அதற்கேற்பக் குறையும்.) போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது? இந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். நான் ஐந்து இடத்தில் கேட்டேன். நான்கு இடத்திலிருந்து வழவழ பதில். ஒரே ஒரு இடம் எண்ணிக்கையைச் சொன்னது. பெருமைப்படும்படியான எண்ணிக்கை இல்லை, பாதிக்கும் குறைவு. இருந்தாலும் அங்கேதான் சேர்ந்தேன்.

கிளம்புவதற்கு முன் ஆறு மாதமாவது கையில் இருக்கும். நிறையப் பேர் அதை ஷாப்பிங்கிலும் சொந்தக்காரர் வீட்டு விருந்திலும் கழிக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு நிஜக் கடைக்கு வேலை செய்யுங்கள். என் மாமாவுக்குக் கும்பகோணத்தில் பாத்திரக் கடை. பித்தளை டபரா செட், குத்துவிளக்கு, அடுக்குப் பாத்திரம். அவரிடம் இருந்த ஒரே விளம்பரம் கடை காலண்டர்தான். நான் ஜன்னல் வெளிச்சத்தில் டபரா செட்டைப் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப் பிசினஸில் விலையோடு கேட்டலாக் போட்டேன். வெளியூர் ஆர்டர் மாதம் நாலைந்து வந்துகொண்டிருந்தது, நாலாவது மாதம் 31 ஆனது. இதையெல்லாம் ஒரு பழைய பில் நோட்டில் தேதியோடு குறித்து வைத்திருந்தேன். என் எம்.எஸ்சி. மதிப்பெண்ணை எந்த இன்டர்வியூவிலும் யாரும் கேட்கவில்லை, அந்த 31-ஐக் கேட்டார்கள். கூகுள் ஸ்கில்ஷாப், ஹப்ஸ்பாட் அகாடமி இரண்டிலும் இலவசச் சான்றிதழ்கள் இருக்கின்றன. அவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் எல்லோரிடமும் இருப்பது அவை.

சரி, போய்ச் சேர்ந்தாயிற்று. தேடலை எப்போது தொடங்குவது? முதல் மாதமே. பெரிய நிறுவனங்கள் அடுத்த கோடைக்கான பிளேஸ்மென்ட்டை முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே திறந்துவிடும். கிறிஸ்துமஸுக்குள் பல மூடிவிடும். சின்ன நிறுவனங்கள் பிப்ரவரியிலிருந்து மே வரை விளம்பரம் போடும், சில போடவே போடாது. நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டாவது ரகம்தான் சரிப்பட்டு வரும் என்பது என் அபிப்பிராயம். பெரிய இடத்தில் ஆன்லைன் தேர்வு, வீடியோவில் பதிவு செய்யும் இன்டர்வியூ, குழு விவாதம் என்று நாலு சுற்று வைத்து வடிகட்டுவார்கள். சின்ன இடத்தில் முதலாளியே ஈமெயிலைப் படிப்பார். நான் மொத்தம் 86 இடத்துக்கு எழுதினேன். எக்செல்லில் தேதி, ஆள், பதில் என்று வரிசையாக இருக்கிறது. 7 இன்டர்வியூ, கிடைத்தது ஒன்று.

அந்த 86-ல் முதல் முப்பதை நானே பாழடித்தேன். விண்ணப்பப் படிவத்தில் "உங்களுக்கு ஸ்பான்சர்ஷிப் தேவையா" என்று ஒரு கேள்வி வரும். வெளிநாட்டு மாணவிதானே என்று நேர்மையாக "ஆம்" போட்டுக்கொண்டே போனேன். பிளேஸ்மென்ட்டுக்கு அது தப்பான பதில். விசா பல்கலைக்கழகத்தின் பொறுப்பு, நிறுவனத்துக்கு ஸ்பான்சர் உரிமமும் வேண்டாம், விசாச் செலவும் இல்லை. அப்புறம் கவரிங் லெட்டரின் இரண்டாவது வரியிலேயே எழுதத் தொடங்கினேன்: "இந்த வேலை என் படிப்பின் பகுதி, என் மாணவர் விசாவிலேயே முழுநேரம் செய்ய அனுமதி உண்டு, உங்களுக்கு ஸ்பான்சர்ஷிப் வேலை எதுவும் இல்லை." அதன்பிறகுதான் பதில்களே வந்தன.

இன்டர்வியூவில் இரண்டு விஷயம். ஒன்று, நமக்கு "நாங்கள் செய்தோம்" என்று பேசித்தான் பழக்கம். "அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். "நான்" என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும், பழகுங்கள். இரண்டாவது என் மானம் போன கதை. மாமா கடை பில் புத்தகத்திலிருந்து 1,100 போன் நம்பரை எடுத்து எல்லோருக்கும் தீபாவளி மெசேஜ் அனுப்பியதைப் பெருமையாகச் சொன்னேன். எதிரே இருந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அனுமதி வாங்கினீர்களா?" பிரிட்டனில் விளம்பர மெசேஜுக்கும் ஈமெயிலுக்கும் முன்கூட்டியே சம்மதம் வேண்டும். ஏற்கனவே பொருள் வாங்கியவருக்கு அதே மாதிரிப் பொருளைப் பற்றி அனுப்ப ஒரு விலக்கு உண்டு. ஆனால் நம்பர் வாங்கும்போதே "வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு வழி கொடுத்திருக்க வேண்டும். அந்த வேலை போயிற்று. வீட்டுக்கு வந்து, இதற்கான பெக்கர் என்ற விதிமுறையை உட்கார்ந்து படித்தேன். அடுத்த இன்டர்வியூவில் அதே கதையை, இப்போது செய்தால் எப்படிச் செய்வேன் என்பதோடு சேர்த்துச் சொன்னேன். வேலை கிடைத்தது.

தோட்டக் கருவிகள் விற்கும் ஒரு சின்னக் கம்பெனி, மார்க்கெட்டிங்கில் என்னோடு சேர்த்து மூன்று பேர். சம்பளத்தைப் பற்றி முன்பே கேட்டுவிடுங்கள். படிப்பின் கட்டாயப் பகுதியாக ஒரு வருடத்துக்கு மிகாமல் செய்யும் பிளேஸ்மென்ட்டுக்கு அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. நல்ல இடங்கள் கொடுக்கும், கொடுக்காத இடங்களும் இருக்கின்றன.

உள்ளே போனபின் யாருக்கும் பிடிக்காத வேலை ஒன்றைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படி அமைந்தது, இணையதளத்துக்கு யார் வருகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ். 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு அதன் பழைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் கணக்கெடுப்பதை நிறுத்தும் என்று கூகுள் அறிவித்திருந்தது. பழைய கணக்கு புதிய பதிப்பான ஜி.ஏ.4-க்கு வந்து சேராது. ஆகவே புதியதை முன்கூட்டியே ஓடவிட்டால்தான் போன வருடத்தோடு ஒப்பிட முடியும். இதை நான் செய்கிறேன் என்று 2022 அக்டோபரில் கையைத் தூக்கினேன். எது நிகழ்வு, எது விற்பனை என்று ஒவ்வொரு பட்டனாக வரையறுத்து, பழைய எண்களை எக்செல்லில் இறக்கி வைத்தேன். ஜூலையில் கம்பெனியில் எல்லோரும் எண் கேட்டு என் மேஜைக்குத்தான் வந்தார்கள். ஆகஸ்டில் பிளேஸ்மென்ட் முடிந்ததும், கிராஜுவேட் விசா வந்தவுடன் திரும்பி வரச் சொன்னார்கள்.

அதற்கடுத்து ஸ்பான்சர் விசா. நான் 2025 தொடக்கத்தில் மாறினேன், என் நல்ல நேரம். அந்த வருடம் ஜூலை 22-லிருந்து வேலை பட்டதாரி நிலையில் இருக்க வேண்டும், பொதுவான சம்பள வரம்பு வருடத்துக்கு 41,700 பவுண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு 33,400. மார்க்கெட்டிங்கில் ஆரம்ப நிலை வேலைகள் பல இதற்குக் கீழேதான். எனவே பிளேஸ்மென்ட்டுக்குத் தேவைப்படாத, ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை, முதல் நிரந்தர வேலை தேடும்போது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரசே இணையத்தில் வெளியிடுகிறது, அதில் இல்லாத கம்பெனியில் பேசும்போது அது தெரிந்தே பேசுங்கள்.

சின்னச் சின்ன எச்சரிக்கைகள். மாணவர் விசாவில் ஃப்ரீலான்ஸ் கூடாது. இரவில் நாலு கடைக்கு இன்ஸ்டாகிராம் பார்த்துக் காசு வாங்குவதும் அதில் சேரும். மாஸ்டர்ஸ்காரர்களுக்குக் கோடை விடுமுறை கிடையாது. ஆய்வறிக்கை எழுதும் மாதங்களும் பாடக் காலம்தான், அப்போதும் 20 மணி நேரம்தான்.

கிராஜுவேட் விசாவைப் பற்றி ஒன்றை விட்டுவிட்டேன். மாணவர் விசா காலாவதியாவதற்குள் பிரிட்டனிலிருந்தேதான் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் முடித்துவிட்டீர்கள் என்று பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்த பிறகுதான் அதைச் செய்யலாம். பட்டமளிப்பு விழா வரை காத்திருக்க வேண்டாம். விண்ணப்பித்தபின் முடிவு வரும்வரை ஊருக்குப் போகக் கூடாது, போனால் விண்ணப்பம் ரத்து. மாமா மகள் கல்யாணம் சரியாக அந்த வாரங்களில் வந்தது. வீடியோ காலில்தான் பார்த்தேன். சீர்வரிசைத் தட்டுகளைக் காட்டச் சொன்னேன். மூன்றாவது தட்டில் அந்த டபரா செட் இருந்தது.