வைஃபை பிரிண்டர் இணையவில்லையா? ரவுட்டரின் ரீசெட்டைத் தொடாதீர்கள்

பிரிண்டர் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வருகிற பையன்களைப் பார்க்கிறேன், வீட்டிலேயே சரி செய்துவிடலாம் என்று உட்காருகிறவர்களையும் பார்க்கிறேன். இரு தரப்பும் ஒரே தவறுகளை ஒரே வரிசையில் செய்கிறார்கள். இந்த வேலையில் இன்று பழுத்திருக்கிற எல்லாரும் ஆரம்பத்தில் செய்தவைதான் அவை, நானும் விலக்கில்லை. அன்றைக்குச் சொல்லித்தர ஆள் இல்லை, இன்றைக்கு இருக்கிறோமே என்றுதான் எழுதுகிறேன். பிளக் செருகியிருக்கிறதா, பேப்பர் இருக்கிறதா, பாஸ்வேர்டில் எழுத்து மாறியிருக்கிறதா என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பிரிண்டரை விசாரிக்காமலே வேலையைத் தொடங்குவது

"பிரிண்டர் கனெக்ட் ஆகவில்லை" என்பதற்குள் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று, பிரிண்டர் வைஃபையிலேயே சேரவில்லை. மற்றது, பிரிண்டர் வைஃபையில் ஒழுங்காகத்தான் இருக்கிறது, லேப்டாப்தான் அதைக் கண்டுபிடிக்கவில்லை. முதலாவது என்றால் லேப்டாப்பில் எதை மாற்றினாலும் பலனில்லை. இரண்டாவது என்றால் பெரும்பாலும் ரவுட்டர் பக்கம் போக வேண்டாம். எது என்று தெரியாமல் இறங்குவதால்தான் பாதி நாள் போகிறது.

தெரிந்துகொள்ள ஒரு தாள் போதும். கிட்டத்தட்ட எல்லா வைஃபை பிரிண்டரும் தன் நெட்வொர்க் நிலையைத் தானே அடித்துக் கொடுக்கும். திரையே இல்லாத எப்சன் எல்3250 போன்ற மாடல்களில்கூட ஒரு பட்டனை அழுத்தினால் அந்தத் தாள் வரும். எந்தப் பட்டன் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். எப்சன் தாளில் இ-2, இ-3, இ-7 என்று வந்தால் வைஃபை பெயரோ பாஸ்வேர்டோ பொருந்தவில்லை. இ-5 என்றால் ரவுட்டரின் பாதுகாப்பு முறை பிரிண்டருக்கு ஒத்துவரவில்லை. இ-6 என்றால் ரவுட்டர் இந்தக் கருவியை உள்ளே விடாமல் வடிகட்டியிருக்கலாம். இவ்வளவு தெளிவாகச் சொல்லும் தாளைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுகிறார்கள்.

எந்த கம்பெனி பிரிண்டராக இருந்தாலும் தாளில் ஐபி அட்ரஸ், அதாவது நெட்வொர்க்கில் பிரிண்டருக்குக் கிடைத்த எண், என்ற வரியைத் தேடுங்கள். 0.0.0.0 என்றோ, 169.254 என்று தொடங்கியோ இருந்தால் ரவுட்டரிடமிருந்து பிரிண்டருக்கு எண்ணே கிடைக்கவில்லை என்று அர்த்தம். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் நல்ல செய்தி. உடனே உங்கள் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் இருந்தபடி, பிரவுசரில் அந்த எண்ணை அப்படியே தட்டிப் பாருங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம் ஒன்று திறக்கும், இங்க் அளவுகூடத் தெரியும். பாதுகாப்பானது அல்ல என்று பிரவுசர் எச்சரித்தால் பயப்பட வேண்டாம், உங்கள் வீட்டுப் பிரிண்டர்தான், உள்ளே போகலாம். அந்தப் பக்கம் திறந்துவிட்டால் வைஃபையில் கோளாறு இல்லை என்பது முடிவாகிவிட்டது, இனி லேப்டாப்பை மட்டும் பார்த்தால் போதும்.

ரவுட்டரின் ரீசெட் ஓட்டையில் ஊசியை விடுவது

மற்ற தவறுகள் பலவற்றில் நேரம்தான் போகும், இதில் வீட்டு இன்டர்நெட்டே போகும். எத்தனை பேருக்குச் சொல்லியும் இது நிற்கவில்லை, அதனால்தான் இன்னும் எனக்குக் கோபம் வருகிறது.

மதுரை கே.கே. நகர்ப் பக்கம் ஒரு வீடு. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், விவரமானவர்தான். சனிக்கிழமை சாயங்காலம் போன் செய்தார். "தம்பி, பிரிண்டர் நேத்துலேர்ந்து வைஃபை எடுக்கல. எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன், ரவுட்டரைக்கூட ரீசெட் அடிச்சிட்டேன். இப்ப நெட்டும் வரல" என்றார். போய்ப் பார்த்தால் ஃபைபர் பெட்டியில் பான் விளக்கு பச்சையாக, அசையாமல் எரிகிறது. லைன் நன்றாக இருக்கிறது. ஆனால் இன்டர்நெட் விளக்கு எரியவில்லை. நெட் கம்பெனியோடு இணைவதற்காகப் பெட்டிக்குள் பதிந்து வைத்திருந்த பிபிபிஓஇ யூசர்நேம், அதன் பாஸ்வேர்டு, விலான் எண் எல்லாம் அழிந்துவிட்டன. கனெக்‌ஷன் கொடுத்தவர் உள்ளூர் கேபிள்காரர், கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார், மறுநாள் ஞாயிறு. மகளுக்குத் திங்கட்கிழமை காலையில் ஆன்லைன் இன்டர்வியூ. வாசல் கேமராவும் டிவியும்கூட வைஃபையில் இருந்து விழுந்து கிடந்தன. அவர் மனைவி என்னிடம் ஒன்றும் பேசவில்லை, அவரிடமும் பேசவில்லை.

சரி, பிரிண்டருக்கு என்னதான் ஆகியிருந்தது? விசாரித்தால், அக்கம்பக்கத்துப் பையன்கள் நெட்டை இழுக்கிறார்கள் என்று மகன் வெள்ளிக்கிழமை வைஃபை பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறான். போன், லேப்டாப், டிவி, கேமரா எல்லாவற்றிலும் புதியதைப் போட்டவன் பிரிண்டரை மறந்துவிட்டான். அவ்வளவுதான். பிரிண்டரில் புதுப் பாஸ்வேர்டைப் போட்டிருந்தால் காபி ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

இதில் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரிண்டர் தன் நினைவில் வைத்திருப்பது வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும்தான். ரவுட்டரை ரீசெட் செய்தால், நீங்கள் மாற்றி வைத்திருந்த அந்த இரண்டும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளபடி மாறிவிடும். அதாவது, நன்றாக இணைந்திருந்த பிரிண்டர்கூட ரீசெட்டுக்குப் பிறகு இணையாது. கோளாறைத் தீர்க்க நினைத்துச் செய்கிற காரியம் அதே கோளாறை வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் பரப்பிவிடுகிறது.

அப்படியென்றால் ஏன் இந்த யோசனை ஊரெல்லாம் பரவுகிறது? சில பெரிய நிறுவனங்களின் பெட்டிகள் ரீசெட் செய்தாலும் தங்கள் சர்வரிலிருந்து செட்டிங்குகளைத் தாமே இறக்கிக்கொண்டு எழுந்துவிடும். அப்படி ஒரு பெட்டி வைத்திருப்பவர் "எனக்குச் சரியாப் போச்சு" என்று பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வார். பக்கத்து வீட்டில் இருப்பதோ கேபிள்காரர் கையால் எண்களைத் தட்டிப் போட்டுவிட்டுப் போன பெட்டி. அது எழாது.

பவரை அணைத்து ஒரு நிமிடம் விட்டு மறுபடி போடுவதில் தவறில்லை, அதைத் தாராளமாகச் செய்யுங்கள். சமயத்தில் அதுவே போதும். ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்துவதைத்தான் வேண்டாம் என்கிறேன். ரீசெட் செய்தே தீர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் பிரிண்டரை ரீசெட் செய்யுங்கள், அதுவும் நெட்வொர்க் செட்டிங்கை மட்டும். எச்பி பிரிண்டர்களில் அப்படிச் செய்ததும் இரண்டு மணி நேரம் புது இணைப்புக்குத் தயாராகக் காத்திருக்கும், அதற்குள் ஆப் வழியாகச் சேர்த்துவிட வேண்டும். பாஸ்வேர்டைத் தட்டாமலே கருவியைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் பட்டன் ரவுட்டரில் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம், ஆனால் அழுத்திய பிறகு இரண்டு நிமிடத்துக்குள் பிரிண்டரிலும் அழுத்தியாக வேண்டும்.

ஏற்கெனவே ரவுட்டரை ரீசெட் அடித்துவிட்டீர்களா? கேபிள்காரரிடம் யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள், போனில் கேட்டுக் குறித்துக்கொண்டால் ஒரு எழுத்து தவறிவிடும். வாங்கியதை எழுதிப் பெட்டியின் அடியிலேயே ஒட்டிவையுங்கள். நெட் வந்ததும் வைஃபைக்குப் பழைய பெயரையே, பழைய பாஸ்வேர்டையே எழுத்துப் பிசகாமல் போடுங்கள். போட்டுவிட்டால் டிவி, கேமரா, போன் எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொன்றாகத் தேடி அலைய வேண்டாம். பலர் புதுப் பெயர் வைத்துவிட்டு அப்புறம் மாடிக்கும் வாசலுக்கும் ஓடுகிறார்கள்.

வீட்டில் இரண்டு ரவுட்டர் இருப்பதை மறப்பது

நெட் கம்பெனி கொடுத்த பெட்டி ஹாலில் இருக்கும். மாடியில் சிக்னல் வரவில்லை என்று கடையில் இன்னொரு ரவுட்டர் வாங்கி, கேபிள் இழுத்துச் செருகியிருப்பார்கள். இரண்டும் வேலை செய்யும், இரண்டிலும் நெட் வரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அவை இரண்டு தனி நெட்வொர்க்குகள். ஜியோ பெட்டி 192.168.29 என்று எண் கொடுத்துக்கொண்டிருக்கும், மாடியில் இருக்கும் டிபி-லிங்க் 192.168.0 என்று கொடுத்துக்கொண்டிருக்கும். பிரிண்டர் மாடியிலும் லேப்டாப் ஹாலிலும் இருந்தால், ஹாலில் இருப்பதற்கு மாடியில் இருப்பது தெரியவே தெரியாது.

நெட்வொர்க் தாளில் உள்ள ஐபியையும் லேப்டாப்பின் ஐபியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புள்ளிகளால் பிரிந்த நான்கு எண்களில் முதல் மூன்றும் ஒன்றாக இல்லையென்றால் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் காரணம். இரண்டாவது ரவுட்டரின் செட்டிங்கில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு என்று இருக்கும், அதற்கு மாற்றிவிட்டால் இரண்டு பெட்டியும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். சில மலிவு ரவுட்டர்களில் அந்த வசதி இருக்காது. அப்போது பிரிண்டரையும் லேப்டாப்பையும் ஒரே பெட்டியின் வைஃபையில் சேர்த்துவிடுவதுதான் வழி.

5 ஜிகாஹெர்ட்ஸைத் தப்பாகப் புரிந்துகொள்வது

எப்சன் எல்3250, கேனன் ஜி3010 போன்ற வீட்டுப் பிரிண்டர்கள் பலவும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே எடுக்கும். பெயருக்குப் பின்னால் 5ஜி என்று போட்டிருக்கும் வைஃபை அவற்றின் கண்ணுக்கே தெரியாது. இது பலருக்கும் தெரிந்துவிட்டது, நல்லது. ஆனால் அதற்கடுத்து, லேப்டாப்பும் 2.4-க்கு மாற வேண்டும் என்று நினைத்து வீட்டிலுள்ள எல்லாரையும் வேகம் குறைந்த வைஃபைக்கு இழுத்துவிடுகிறார்கள். தேவையில்லை. ஒரே ரவுட்டரில் பிரிண்டர் 2.4-லும் லேப்டாப் 5-லும் இருந்தால் பிரிண்ட் தாராளமாக வரும். ஆப் வழியாக முதல் முறை பிரிண்டரைச் சேர்க்கிற அந்தச் சமயத்தில் மட்டும் போனை 2.4-இல் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் ரவுட்டரில் பிரிண்டர் சேர அடம்பிடித்தால், 2.4-க்குத் தனிப் பெயர் வைத்துப் பாருங்கள்.

கூடவே இன்னொன்று. புது ரவுட்டர் மாற்றிய அன்றிலிருந்து பழைய பிரிண்டர் சேரவில்லை என்றால் ரவுட்டரின் வைஃபை பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

கெஸ்ட் வைஃபையில் பிரிண்டரைச் சேர்ப்பது

வேண்டாம். அதில் சேரும் கருவிகள் வீட்டு நெட்வொர்க்கில் உள்ள மற்றக் கருவிகளைப் பார்க்கக்கூடாது என்பதற்காகவே வைத்திருக்கும் வசதி அது.

'டைரக்ட்' என்று தொடங்கும் வைஃபையில் போய் ஒட்டிக்கொள்வது

அது பிரிண்டர் தானே பரப்பும் தனி வைஃபை. அதில் சேர்ந்தால் பிரிண்ட் வரும், லேப்டாப்பில் நெட் போய்விடும். அவசரத்துக்கு ஒரு ஹால் டிக்கெட் எடுக்கலாம், நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

டிரைவரைத் திரும்பத் திரும்பப் போடுவது

நேற்று வரை வந்த பிரிண்ட் இன்று ஆஃப்லைன் என்று காட்டினால், டிரைவர் (லேப்டாப்பைப் பிரிண்டரோடு பேச வைக்கும் மென்பொருள்) ஒரே இரவில் கெட்டுப்போவது அபூர்வம். ஆனாலும் அதைத்தான் முதலில் அழித்துப் போடுகிறார்கள், பழையதும் முழுதாகப் போகாமல் அதே பிரிண்டர் காப்பி 1, காப்பி 2 என்று பட்டியலில் நீண்டுகொண்டே போகும், கடைசியில் எதற்கு அனுப்புகிறோம் என்றே தெரியாது.

பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். ரவுட்டர் ஐபி எண்ணைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே ஒரு கருவிக்குக் கொடுக்கிறது. கரண்ட் போய் வந்த பிறகு பிரிண்டருக்கு வேறு எண் கிடைத்திருக்கும், விண்டோஸ் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். விண்டோஸில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து போர்ட்ஸ் பகுதியில் இருக்கும் எண்ணும் நெட்வொர்க் தாளில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் ஆட் போர்ட் போய், ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்டைத் தேர்ந்து, தாளில் உள்ள எண்ணைக் கொடுங்கள். இது மறுபடி மறுபடி நடக்காமல் இருக்க ரவுட்டரில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற பகுதியில் பிரிண்டரின் மேக் அட்ரஸுக்கு (அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்) ஒரு ஐபி எண்ணை ஒதுக்கிவிடுங்கள். மேக் அட்ரஸும் அதே தாளில் இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் இதைச் செய்யாமல் நான் கிளம்புவதில்லை.

எண் சரியாக இருந்தும் நகரவில்லையா, வரிசையில் பழைய பிரிண்ட் ஒன்று சிக்கியிருக்கும். விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில், பிரிண்ட் வரிசையை நடத்தும் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்திவிட்டு, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்று போய் உள்ளே இருக்கும் ஃபைல்களை மட்டும் அழியுங்கள். ஃபோல்டரை அழிக்க வேண்டாம். பிறகு ஸ்பூலரைத் திரும்ப ஓட விடுங்கள்.

ஆபீஸ் லேப்டாப்பில் விபிஎன்

விபிஎன் என்பது லேப்டாப்பின் இணைப்பை ஆபீஸ் நெட்வொர்க் வழியே திருப்பிவிடும் மென்பொருள், அது ஓடினால் வீட்டுப் பிரிண்டர் தெரியாமல் போகலாம். அதை அணைத்துவிட்டு ஒரு முறை பிரிண்ட் அடித்துப் பாருங்கள்.

கூகுளில் கிடைத்த கஸ்டமர் கேர் எண்ணுக்கு அழைப்பது

பிரிண்டர் கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடினால் போலி எண்களும் சேர்ந்து வருகின்றன. எடுப்பவர் மரியாதையாகத்தான் பேசுவார். "சார், உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, அதனாலதான் பிரிண்டர் சேரல" என்பார், எனிடெஸ்க் போடச் சொல்லி லேப்டாப்பைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வார், அப்புறம் பணம் கேட்பார் அல்லது ஓடிபி கேட்பார். பிரிண்டர் வைஃபையில் சேராததற்கும் வைரஸுக்கும் பொதுவாகச் சம்பந்தமே கிடையாது. எண் வேண்டுமென்றால் பிரிண்டர் வந்த பெட்டியிலும் வாரன்டி அட்டையிலும் இருப்பதை மட்டும் அழையுங்கள். ஏற்கெனவே லேப்டாப்பைத் திறந்துவிட்டிருந்தால் முதலில் வைஃபையை அணையுங்கள், வேறு ஒரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் விடிந்ததும் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.