செய்முறை ஊழியப் பயிற்சியில் இறையியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறையில் கடலூர், புதுச்சேரி வட்டாரச் சபைகளுக்கு ஊழியப் பயிற்சிக்காக வரும் இறையியல் மாணவர்களிடம் முதலில் கண்ணில் படும் தவறு, எத்தனை பிரசங்கம் செய்தோம், எத்தனை வீடு சந்தித்தோம் என்று எண்ணிக்கையைக் கொண்டு பயிற்சியை அளப்பதாகும். செய்த ஊழியத்தை அனுபவமுள்ள ஒரு மேற்பார்வையாளர் முன் வைத்து, ஏன் அப்படிச் செய்தேன் என்று திரும்பிப் பார்க்காத வரை அது ஊழியமாக இருக்கலாமே தவிர, பயிற்சி ஆகாது.

மேற்பார்வையாளர் முன் வைக்கும் அறிக்கையை எழுதுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1925இல் அமெரிக்காவின் உஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் அதன் போதகர் ஆன்டன் பாய்சன் இறையியல் மாணவர்களுக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கியபோது, துன்பப்படும் மனிதரையும் ஓர் ஏட்டைப் போல ஊன்றி வாசிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அந்த மரபில் வளர்ந்ததுதான், நடந்த உரையாடலைப் பேச்சுக்குப் பேச்சு எழுதும் வெர்பாட்டிம் முறை.

தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர் கடலூர் அரசு மருத்துவமனையில் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பயிற்சிக் காலமும் பெரும்பாலும் அதற்குள்தான் வருகிறது. பார்க்கச் சென்ற மாணவரிடம் அவர் மனைவி, “தடைக்காலம் முடிஞ்சா படகை எடுக்கணும், இவரு இப்படிப் படுத்துட்டாரு, வட்டிய யாரு கட்டறது தம்பி?” என்கிறார். “கவலைப்படாதீங்கம்மா, கர்த்தர் பார்த்துக்குவார், ஜெபிப்போம்” என்கிறார் மாணவர். அறிக்கையில் இது “ஆறுதல் கூறி ஜெபித்தேன்” என்று ஒரே வரியில் முடிந்துவிடும். இருவர் பேச்சையும் அப்படியே எழுதிப் பார்த்தால்தான், கடனைப் பற்றி அந்த அம்மா தொடங்கிய பேச்சை மாணவர் தம் ஜெபத்தால் மூடிவிட்டார் என்பது தெரியும். அன்று மாலையே, பெயரையும் அடையாளத்தையும் மாற்றி, நினைவிலிருந்து எழுத வேண்டும். கைபேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்வது நம்பிக்கைத் துரோகம். பொதுவார்டில் அனுமதி கேளாமல் உரக்க ஜெபிப்பதும், பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் வேறு மதத்தவராக இருக்கலாம் என்பதை மறப்பதும் இதே அலட்சியத்தின் வேறு வடிவங்களே.

தொடக்கத்திலேயே கல்லூரி, போதகர், மாணவர் மூவரும் எழுத்தில் உடன்பாடு செய்துகொள்ளாதது அடுத்த தவறு. அது இல்லாத இடங்களில், ஞாயிறு பள்ளி, நாற்காலி அடுக்குதல், புரொஜெக்டர் இயக்குதல் என்று மாணவர் சம்பளமில்லாத உதவியாளராகிவிடுகிறார். போதகரும் நிம்மதியாக வெளியூர்க் கூட்டங்களுக்குப் புறப்பட்டுவிடுகிறார். வாரம் ஒரு மணி நேரமாவது இருவரும் உட்கார்ந்து பேசும் நேரம் அந்த உடன்பாட்டில் குறிக்கப்பட வேண்டும். போதகருக்கு அதற்கு நேரமில்லை என்றால், குறை சொல்லிக்கொண்டிருக்காமல் கல்லூரியிடம் வேறு மேற்பார்வையாளரைக் கேட்பதே முறை.

சபைக் கமிட்டித் தேர்தலில் ஓர் அணியோடு சேர்வது, சபையாரிடம் கைமாற்று வாங்குவது, திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கு) நடத்தும்படி யாராவது அன்பாகக் கேட்டதும் குருப்பட்டம் பெறாமலே இசைந்துவிடுவது ஆகியவற்றை விளக்கவே தேவையில்லை. திருநெல்வேலிச் சபைகளில் பழகிய ஒழுங்கை இங்கே வந்து மாதிரியாகக் காட்டுவதும் வீண் வேலை.

இரகசியம் காப்பதைத் தவறாகப் புரிந்துகொள்வது, எல்லாவற்றிலும் ஆபத்தானது. சபையார் நம்பிச் சொன்னதை ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது என்பது சரி. ஆனால் வாலிபர் கூடுகையிலோ விடுமுறை வேதாகமப் பள்ளியிலோ 18 வயதுக்குட்பட்ட பிள்ளை ஒன்று தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், அங்கே இரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்; தெரிவிக்காதிருப்பது தண்டனைக்குரிய குற்றம். சபையின் பெயர் கெட்டுவிடும், உள்ளுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று மூத்தவர்கள் சொன்னாலும், போதகரிடம் சொல்லிவிட்டேன் என்பதோடு மாணவரின் கடமை தீர்ந்துவிடாது. குழந்தைகள் உதவி எண் 1098 என்பதைப் பயிற்சியின் முதல் நாளிலேயே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.