‘ஊசி போடக் கூடாது’ என்று டாக்டர் சொன்னால் பள்ளியில் என்ன கொடுப்பது?

போன வருஷம் மே மாதம், மும்பை செம்பூரில் ஒரு பள்ளியின் அட்மிஷன் ஜன்னலில் நான் நீட்டிய டாக்டர் கடிதத்தை உள்ளே இருந்த பெண்மணி படித்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார். ஒரே வரிதான் அதில் இருந்தது: ‘மறு அறிவிப்பு வரை தடுப்பூசி வேண்டாம்.’ “எந்த ஊசி? எதுவரைக்கும்?” என்று மராத்தி கலந்த இந்தியில் கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால், அவர் கேட்ட இரண்டு கேள்விகளும் சரிதான். அந்த இரண்டுக்கும் பதில் இருந்தால்தான் அது கடிதம், இல்லாவிட்டால் வெறும் சீட்டு.

என் மகனுக்கு அப்போது ஐந்து வயது. மார்ச் மாதம் ஒரு காலை, கண் இமை இரண்டும் பணியாரம் மாதிரி வீங்கி எழுந்தான். தூக்கம் அதிகமோ என்று நினைத்தோம். மறுநாள் வயிறும் உப்பியது. யூரினில் புரதம் மூன்று பிளஸ். நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்றார்கள், அதாவது கிட்னி வழியாகப் புரதம் ஒழுகும் நோய். 15 கிலோ பையனுக்குத் தினமும் 30 மில்லிகிராம் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, ஆறு வாரம். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், இன்னும் ஆறு வாரம். இந்த மருந்து நோயை அடக்கும், கூடவே உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கும். அதனால்தான் சில ஊசிகளை அந்தச் சமயத்தில் போடக் கூடாது.

‘சில’ என்பதைக் கவனியுங்கள். தட்டம்மை, ருபெல்லா, பொன்னுக்கு வீங்கி, சின்னம்மை ஆகியவற்றுக்கான ஊசிகளில் பலவீனப்படுத்திய, ஆனால் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் அது ஆபத்து. போலியோ சொட்டு மருந்தும் அதே ரகம். டிபிடி, ஹெபடைட்டிஸ் பி, நிமோனியா தடுப்பூசி, ஃப்ளூ ஊசி ஆகியவற்றில் உயிருள்ள கிருமி இல்லை. எங்கள் கிட்னி டாக்டர் நிமோனியா ஊசியையும் ஃப்ளூ ஊசியையும் கட்டாயம் போடுங்கள் என்றே சொன்னார், ஏனென்றால் இந்தக் குழந்தைகளுக்குத் தொற்று வந்தால் நோய் திரும்பி வரும். ஆக, ‘என் பிள்ளைக்கு எந்த ஊசியும் கிடையாது’ என்று கடிதம் வாங்குவது பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

சரி, எந்தக் காரணத்துக்கு இப்படி ஒரு கடிதம் கிடைக்கும்? முன்பு அதே ஊசி போட்டபோது மூச்சு முட்டி, உடம்பெல்லாம் தடித்து, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அளவுக்குக் கடும் அலர்ஜி வந்திருந்தால் கிடைக்கும். புற்றுநோய்க்குக் கீமோ நடந்தால், பிறவியிலேயே எதிர்ப்புச் சக்திக் கோளாறு இருந்தால், எங்களைப் போல அதிக அளவு ஸ்டீராய்டு இரண்டு வாரமோ அதற்கு மேலோ எடுத்தால், உயிருள்ள ஊசிகளுக்கு மட்டும் கிடைக்கும். சளி, லேசான காய்ச்சல், ஆன்டிபயாட்டிக் சாப்பிடுவது, குழந்தை மெலிந்திருப்பது, போன தடவை ஊசி போட்ட இடம் வீங்கியது, மாமாவுக்கு வலிப்பு வரும் என்பது எல்லாம் காரணமே இல்லை. முட்டை ஒத்துக்கொள்ளாது என்பதுகூட எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த) ஊசிக்குத் தடை இல்லை. எங்கள் கட்டடத்திலேயே ஓர் அம்மா, “எனக்கும் உங்க டாக்டரிடம் ஒரு லெட்டர் வாங்கித் தாங்களேன், என் பொண்ணுக்கு ஊசின்னா பயம்” என்று கேட்டார். பொய்ச் சான்றிதழ் கொடுத்தால் டாக்டரின் பதிவே போகலாம், அக்கா என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இதற்கென்று அரசாங்க ஃபாரம் இருக்கும் என்று நானும் இரண்டு நாள் தேடினேன். கிடையாது. பள்ளியில் சேரத் தடுப்பூசி கட்டாயம் என்று நாடு முழுமைக்குமான சட்டமே நம்மிடம் இல்லை. தடுப்பூசிக் கார்டைக் கேட்பது பள்ளிகளின் வழக்கம். சட்டம் இல்லாதபோது விலக்குக்கு மட்டும் ஃபாரம் எங்கிருந்து வரும்? என் நாத்தனார் கலிஃபோர்னியாவில் இருக்கிறாள். அங்கே சட்டமும் உண்டு, ஃபாரமும் உண்டு: 2021 ஜனவரியிலிருந்து டாக்டர் மாநில அரசின் இணையதளத்தில்தான் விலக்கைப் பதிய வேண்டும், ஒரே டாக்டர் வருஷத்தில் ஐந்து, அதற்கு மேல் கொடுத்தால் அரசு தோண்டிப் பார்க்கும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனாலேயே கடிதத்தை நாம்தான் ஒழுங்காகக் கேட்டு வாங்க வேண்டும்.

யாரிடம் வாங்குவது? ஊசி போடும் குழந்தை டாக்டரிடம் அல்ல, நோய்க்கு வைத்தியம் பார்க்கிறவரிடம். எங்கள் கிட்னி டாக்டரின் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் ஹார்பர் லைன் ரயிலில் குர்லா போய், அங்கே மாறிப் பரேலில் இறங்க வேண்டும். ஓபிடியில் (வெளிநோயாளிகள் பிரிவில்) கேஸ் பேப்பர் எடுத்து உட்கார்ந்தால் மத்தியானம் ஆகிவிடும். டாக்டருக்குக் கிடைப்பதே ஐந்து நிமிஷம், அதில் கடிதத்துக்கு ஒரு நிமிஷம். முதல் தடவை அந்த ஒற்றை வரி வந்தது அப்படித்தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டாம் தடவை போகும்போது ஒரு தாளில் ஆங்கிலத்தில் நானே எழுதி எடுத்துப் போனேன். பள்ளி கேட்கும் ஊசிகள் எவை, அவற்றில் எது போட்டாகிவிட்டது, எது பாக்கி, பள்ளி திறக்கும் தேதி. கூடவே தடுப்பூசிக் கார்டின் நகல். டாக்டர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

‘இந்தக் குழந்தை (பெயர், பிறந்த தேதி) நெஃப்ராட்டிக் சிண்ட்ரோமுக்கு என்னிடம் சிகிச்சை பெறுகிறான். மார்ச் 10 முதல் ப்ரெட்னிசலோன் எடுக்கிறான். ஆகவே எம்எம்ஆர், சின்னம்மை ஆகிய இரண்டு ஊசிகளையும் இப்போது போடக் கூடாது. மற்ற ஊசிகளுக்குத் தடை இல்லை; டிபிடி பூஸ்டர் மே 4 அன்று போடப்பட்டது. மருந்து நின்று நான்கு வாரம் கழித்து மறுபடி பார்க்கப்படும். இந்தக் கடிதம் ஜூலை 31 வரை செல்லும். வகுப்பில் யாருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால் அன்றே பெற்றோருக்குத் தெரிவிக்கவும்.’

கீழே கையெழுத்து, முத்திரை, மகாராஷ்டிரா மருத்துவக் கவுன்சில் பதிவு எண், தேதி. பதிவு எண் இல்லாத கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வராதீர்கள். பழைய ரிப்போர்ட் தேவைப்பட்டு ஆஸ்பத்திரி இழுத்தடித்தால், நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளில் இருப்பதைப் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள்.

பள்ளியில் கொடுக்கும்போது மூலத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நகலைக் கொடுத்து, இன்னொரு நகலில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று சீலும் தேதியும் வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி என்று மொத்தக் கோப்பையும் நீட்ட வேண்டியதில்லை. ஜன்னல் பெண்மணி இந்த முறை ஒரே பார்வையில் படித்து, “ஹா, ஆதா டீக் ஆஹே” (ஆமாம், இப்போது சரி) என்று ஃபைலில் வைத்தார்.

ஆனால் உண்மையான வேலை அதற்கு அப்புறம்தான். அலுவலக ஃபைலில் கிடக்கும் கடிதம் வகுப்பு டீச்சருக்குத் தெரியாது. அவரிடம் நேரில் சொல்ல நான் தவறினேன். ஜூன் கடைசியில், கேட்டில் நின்றபோது டீச்சர் பேச்சுவாக்கில், “இவன் பெஞ்ச்மேட் நாலு நாளா லீவு, சிக்கன்பாக்ஸ்” என்றார். எனக்குக் கால் நடுங்கியது. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது பரவ ஆரம்பித்துவிடும். இவனைப் போன்ற குழந்தைகளுக்கு உடனடிப் பாதுகாப்பாக இம்யூனோகுளோபுலின் ஊசி உண்டு, எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. நோயுள்ளவரோடு பழகியதிலிருந்து 96 மணி நேரத்துக்குள் என்பது சிறப்பு, 10 நாள்தான் எல்லை. நான்கு நாளை நாங்கள் கேட்டிலேயே தொலைத்திருந்தோம். அன்று சாயங்காலமே டாக்சி பிடித்துப் பரேல் ஓடினோம். ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகும் நான்கு வாரம் வரை நோய் வரலாம் என்று சொல்லி வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வரவில்லை. தட்டம்மைக்கும் இதே கதைதான், அங்கே எல்லை ஆறு நாள்.

அதனால் வகுப்பு டீச்சர், ஸ்கூல் பஸ் ஆயா, டியூஷன் அக்கா மூன்று பேரிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள். நோயின் பெயர்கூட வேண்டாம். “யாருக்காவது உடம்பில் கொப்புளமோ சிவப்புத் தடிப்போ வந்தால் அன்றே எனக்கு ஒரு போன்” என்றால் போதும்.

நம் ஆட்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. சின்னம்மை வந்த வீட்டில் யாரும் ‘சின்னம்மை’ என்று சொல்ல மாட்டார்கள். ‘அம்மா வந்திருக்கா’ என்பார்கள், வாசலில் வேப்பிலை செருகுவார்கள், மூன்று தண்ணீர் விடும்வரை வெளியே பேச்சே இருக்காது. என் அத்தையும் அப்படித்தான். நான் அதை மாற்றப் போகவில்லை. அத்தையிடமே பொறுப்பைக் கொடுத்தேன்: “சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போற வழியில எந்த வாசல்ல வேப்பிலை தெரிஞ்சாலும் எங்கிட்ட சொல்லிடுங்க அத்தை.” பள்ளியைவிட அத்தை வேகமாகத் தகவல் தருகிறார்.

பள்ளியிலேயே ஊசி முகாம் நடப்பதும் உண்டு. 2018 நவம்பரில் மகாராஷ்டிராவில் தட்டம்மை–ருபெல்லா முகாம் பள்ளிகளில்தான் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும். டெல்லியில் அதே முகாமுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2019 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொன்னது. சம்மதத் தாள் பையில் வந்தால் அதில் ‘வேண்டாம், கடிதம் அலுவலகத்தில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். வரிசையில் நிற்கும் ஐந்து வயதுப் பையன் தனக்காகப் பேச மாட்டான்.

எல்லாக் குழந்தைகளுக்கும் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் பல்ஸ் போலியோ ஞாயிறும் அப்படித்தான். வீட்டுக்கு வரும் பெண்ணிடம் கதவைச் சாத்தாதீர்கள், கடிதத்தைக் காட்டுங்கள். அவர் கதவில் மருந்து கொடுக்கவில்லை என்பதற்கு ‘எக்ஸ்’ போட்டுவிட்டுப் போவார், மேலதிகாரி மறுபடி வருவார், அவருக்கும் காட்டுங்கள். எங்கள் சின்னப் பெண்ணுக்கும் சொட்டு மருந்துக்குப் பதில் போலியோ ஊசிதான், ஏனென்றால் சொட்டு மருந்தின் வைரஸ் மலத்தில் வெளியேறி அண்ணனுக்கு வரலாம். மற்றபடி அவளுக்கு ஒரு ஊசியும் பாக்கி வைக்கவில்லை. வீட்டில் உள்ளவர்களும் வகுப்பில் உள்ளவர்களும் போட்டுக்கொண்டால்தான் போட முடியாதவனுக்குப் பாதுகாப்பு. 2022 கடைசியில் கோவண்டியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது, அது எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன்.

கடைசி விஷயம், தேதி. ஜூலையில் சளி பிடித்து நோய் திரும்பியது, மறுபடி ஸ்டீராய்டு. ஜூலை 31 வருவதற்கு முன்பே போய் நவம்பர் 30 வரை நீட்டி வாங்கினேன். மருந்து நின்று, நான்கு வாரம் தாண்டி, டாக்டர் தலையாட்டிய பிறகு டிசம்பரில் ஒரே நாளில் எம்எம்ஆர் ஒரு கையில், சின்னம்மை மறு கையில். உயிருள்ள ஊசி இரண்டை ஒரே நாளில் போடலாம், இல்லாவிட்டால் நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும். சின்னம்மைக்கு இரண்டாம் தவணை மூன்று மாதம் கழித்து. இரண்டு கையிலும் பஞ்சை அழுத்திக்கொண்டு பையன் கேட்டான், “அம்மா, இனிமே லெட்டர் வேண்டாமா?” கார்டின் புது நகலை ஜன்னலில் கொடுத்து, பழைய கடிதத்தின் மேல் அந்தப் பெண்மணி சிவப்பு மையில் ஒரு கோடு போடுவதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.