தன்பாத் சுரங்கப் பாதுகாப்பு ஆய்வாளர் காலியிடங்களைத் தகவல் உரிமை மனு மூலம் அறியும் முறை

ஜார்க்கண்டின் நிலக்கரி வட்டாரத்தில் ஆய்வாளர் பணியிடங்கள் எத்தனை நிரப்பப்பட்டுள்ளன என்பதை அறிய விரும்புவோர், ஒன்றிய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் தன்பாத்தில் இயங்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். அதற்கு முன், அச்சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டிய அலுவலர் பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது. பாதி விடை அதிலேயே கிடைத்துவிடக்கூடும்.

மனுவின் பலம் கேள்வியின் அமைப்பில்தான் இருக்கிறது. "ஏன் ஆள் எடுக்கவில்லை?" என்று கேட்டால், விளக்கம் தருவது தகவல் ஆகாது என்று எளிதில் மறுத்துவிடுவார்கள். மாறாக, அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், தற்போது பணியில் இருப்போர், காலியிடங்கள் ஆகியவற்றைச் சுரங்கம், மின்னியல், இயந்திரவியல், தொழில்சார் சுகாதாரம் எனப் பிரிவுவாரியாகவும் மண்டலவாரியாகவும், ஒரு குறிப்பிட்ட தேதியின் நிலவரப்படி கேளுங்கள். நேரடி நியமனத்துக்காக ஒன்றியப் பொதுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு அனுப்பிய கோரிக்கைக் கடிதங்களின் நகல்களையும் சேர்த்துக் கேட்டால், தாமதம் எந்த மேசையில் என்பது புலப்படும். அதே காலத்தில் நடந்த சுரங்க ஆய்வுகளின் எண்ணிக்கையையும் கேட்கத் தவறாதீர்கள். காலியிடத்தின் உண்மையான விலை அந்த எண்ணில்தான் தெரியும்.

கட்டணம் 10 ரூபாய். காரணம் கூற வேண்டியதில்லை. 30 நாட்களில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதன்பின் 90 நாட்களுக்குள் மத்திய தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம்.