பழைய அசெம்பிளியிலிருந்து ஸ்பெக் எடுப்பது

8051 மைக்ரோகண்ட்ரோலருக்கான அசெம்பிளி கோடு கைக்கு வந்து, அது என்ன செய்கிறது என்ற ஸ்பெக்கை (விவரக்குறிப்பை) எழுத வேண்டுமென்றால், முதலில் கமெண்டுகளை மறைத்துவிடுவேன். நம்ப முடியாது. அப்புறம் ஒரே ஒரு சப்ரொட்டீன் (தனித் துண்டு நிரல்): எந்த ரெஜிஸ்டரை (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) படிக்கிறது, எதை மாற்றுகிறது என்று தாளில் எழுதுவேன். ஃபிளாகுகளையும் (கணக்கின் விளைவைக் காட்டும் பிட்டுகள்) விடக்கூடாது.

லூப்தான் தலைவலி. பைட்டுகளைக் கூட்டிச் சரிபார்ப்பு எண் தரும் ஒரு செக்சம் ரொட்டீனில், பைட் எண்ணிக்கை ஆர்2 ரெஜிஸ்டரில் இருந்தது. லூப்பின் கடைசி வரி டிஜேஎன்இசட் (DJNZ): ஒன்றைக் குறை, பூஜ்ஜியம் இல்லையென்றால் மறுபடி தாவு. “0 என்றால் ஒன்றும் கூட்டாது” என்றது கமெண்ட். ஆனால் அந்தக் கட்டளை ஒன்றைக் குறைத்துவிட்டுத்தான் பூஜ்ஜியமா என்று பார்க்கும். ஆர்2 ஒரு பைட்தான் என்பதால், 0-இல் ஒன்று குறைந்தால் 255. ஆக லூப் 256 முறை ஓடும். ஸ்பெக்கிலும் அப்படியே எழுதுங்கள்: ஆர்2 = 0 எனில் n = 256, இல்லையேல் n = ஆர்2; விடை, படித்த n பைட்டுகளின் கூட்டல், மாடுலோ 256 (256-ஆல் வகுத்த மீதி). திருத்தக் கை துறுதுறுக்கும். வேண்டாம், சந்தேகத்தைத் தனிக் குறிப்பாக வையுங்கள்.

சரி, இப்போது சிமுலேட்டரில் ஆர்2-க்கு 0, 1, 255 கொடுத்து, விடையை ஸ்பெக்குடன் ஒப்பிடுங்கள்.