கறிவேப்பிலைச் செடியில் தொடங்கும் இயற்கைக் குறிப்பேடு

பிள்ளைகளோடு இயற்கைக் குறிப்பேடு எழுதக் காடு மலை ஏற வேண்டியதில்லை. தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி போதும். பூச்சி மருந்து மட்டும் அடிக்காதீர்கள்.

1. கோடு போடாத நோட்டு, பென்சில், ஸ்கேல். கலர் பென்சிலை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

2. தினமும் மாலையில் 10 நிமிடம். பக்கத்தின் மேலே தேதி, நேரம், வெயிலா மழையா என்று பிள்ளையே எழுதட்டும். இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் புரியாதது.

3. தளிர் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். கடுகளவில் வெளிர்மஞ்சள் உருண்டை தென்பட்டால் அது கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் முட்டையாக இருக்கலாம். சில நாளில் புழு வெளியே வரும். பார்த்தால் பறவை எச்சம் போலவே இருக்கும். என் மகள் முதல் நாள் "குருவி எச்சம்" என்றுதான் எழுதினாள். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த எச்சம் அடுத்த இலைக்குப் போயிருந்தது! அவளே ஓடிவந்து சொன்னாள். அன்றைக்கு அவள் எழுதிய பக்கம் எங்கள் நோட்டிலேயே நீளமானது. பெரியவர்கள் விடையை முந்திக்கொண்டு சொல்லாமல் இருப்பதுதான் இதில் கடினமான வேலை. படம் கோணலாக இருந்தாலும் திருத்தாதீர்கள்.

4. அளக்கச் சொல்லுங்கள். ஸ்கேலைப் புழுவின் மேல் வைக்காமல் பக்கத்தில் பிடித்தால் போதும். இலைகளையும் எண்ணலாம்: நேற்று 17 இலை இருந்த ஈர்க்கில் இன்று 9. நான்கு முறை தோல் உரித்தபின் புழு பச்சையாகிவிடும். புல் நுனியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு போன்ற ஒன்றை நீட்டும், நெடியும் அடிக்கும். அந்த வாசனையைப் பிள்ளை தன் சொல்லில் எழுதட்டும். ஒரு முறை தொட்டால் போதும், பாவம்.

5. ஒருநாள் புழு காணாமல் போகும். பறவை தின்றிருக்கலாம், கூட்டுப்புழுவாக மாற வேறிடம் தேடியும் போயிருக்கலாம். தொட்டி விளிம்பு, சுவர், பக்கத்துச் செடி எல்லாம் தேடுங்கள். கிடைக்காவிட்டால் "இன்று காணவில்லை" என்று தேதியோடு எழுத வையுங்கள். அதுவும் குறிப்புதான்.

6. கூடு கிடைத்தால் ஏறக்குறைய 10 நாள் பொறுங்கள். கூடு கறுத்து உள்ளே இறக்கை நிறம் தெரிந்தால் மறுநாள் விடியற்காலையிலேயே பிள்ளையை எழுப்பிவிடுங்கள். வெளியே வந்த பூச்சி இறக்கை உலரும்வரை பெரும்பாலும் அசையாமல் தொங்கும். வரைய அதுதான் நேரம்.